பால் பத்தவில்லை என்று ஒரு தாய் சொன்னால்

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் கொஞ்ச நேரம் பேசச் சொல்லி என்னைப் பதுளைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். தொட்டில் கட்டுவது, நிறை பார்ப்பது, சத்துமா கரைப்பது எல்லாம் பயிற்சியிலேயே சொல்லித் தந்திருப்பார்கள். நான் அதற்குள் போகவில்லை. மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் பிள்ளைகளை நம் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள், பின்னேரம் வாங்கிக்கொண்டு போகிறார்கள். இடைப்பட்ட நேரத்தில் பிள்ளையைப் பற்றி ஏதாவது முடிவெடுக்க வேண்டி வந்தால், அங்கே நிற்பது நீங்கள் மட்டும்தான். அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஒரே ஒரு தாயின் கதையைத்தான் சொல்வேன். பலதைச் சொன்னால் எதுவும் மனதில் நிற்காது.

அதற்கு முன் ஒரு வார்த்தை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் சண்டையெல்லாம் பால்போத்தலோடுதான். பால்மா கொடுப்பது கௌரவம் என்று நினைத்த காலம் அது. பிறகு தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு லயம் போன் வந்தது, காற்று மாறிப் போனது. இளம் தாய்மார் போனை நீட்டி, "டீச்சர், இதப் பாருங்க, இயற்கையாப் புள்ள வளக்கிறது எப்படின்னு ஒரு அம்மா சொல்லுது" என்று காட்டத் தொடங்கினார்கள். செடிகளுக்கு நடுவே பாய் விரித்து, மடியில் பிள்ளையோடு ஒரு அம்மா பேசுவார். அவர் சொல்வதில் பாதி நல்ல விஷயம். தாய்ப்பால் கொடுங்கள், சீனி போடாதீர்கள், பிள்ளையை மண்ணில் விளையாட விடுங்கள் என்பார். மற்றப் பாதி ஆபத்து. பிறந்த பிள்ளைக்குத் தேன், மூக்கில் எண்ணெய், நாக்கில் வசம்பு, தடுப்பூசி வேண்டாம் என்று போகும்.

எல்லாம் பிழை என்று அடித்துப் பேசினால் தாய் நம்மை விட்டுப் போய்விடுவாள். எல்லாம் சரி என்று தலையாட்டினால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும். "எண்ணெய உடம்புல தேய்ங்க, மூக்குல விடாதீங்க. வசம்பத் தொட்டில் கயித்துல உசரத்துல கட்டுங்க, வாயில குடுக்காதீங்க. ஊசி மட்டும் கட்டாயம் போடணும்." நான் இப்படித்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்வேன். பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள்.

கோகிலா அப்படிப் போன் பார்த்து வந்தவள் அல்ல. மூத்த பையனால் வந்தவள். அவனுக்கு மூன்று மாதம் இருக்கும்போதே மலைக்குப் போக வேண்டியிருந்ததால் போத்தலில் பால்மா கொடுத்தார்கள். லயத்தில் எல்லாரும் ஓடையிலிருந்து குழாயில் வரும் பீலித் தண்ணீரைத்தான் பிடிக்கிறார்கள். மழை பெய்தால் அது தேத்தண்ணி நிறத்தில் வரும். பையனுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. கடைசியில் பதுளை ஆஸ்பத்திரியில், கையில் நரம்பு அகப்படாமல் தலையில் ஊசி குத்திச் சேலைன் ஏற்றினார்கள். பையன் பிழைத்துக்கொண்டான். ஆனால் கோகிலா அந்தத் தலையை மறக்கவில்லை. இரண்டாவதாகப் பெண் பிள்ளை பிறந்ததும் என்னிடம் வந்து சொன்னாள்.

"டீச்சர், இதுக்கு ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பாலு மட்டுந்தான். ஒரு சொட்டுத் தண்ணி கூடக் குடுக்க மாட்டேன். நீங்க எனக்குத் தொணையா நிக்கணும்."

நிற்கிறேன் என்றேன். அதைச் சொல்வது லேசு.

பிரசவ லீவு முடிந்து பிள்ளையைக் காம்பராவுக்குக் கொண்டுவந்தாள். பெயர் தாரணி. முதல் கிழமைகள் நன்றாகத்தான் போயின. பிறகு கோகிலா பகலில் பால் கொடுக்க வருவது குறைந்தது, தாரணி காம்பராவில் அழத் தொடங்கினாள். தூக்கினாலும் அடங்கவில்லை, தொட்டிலை ஆட்டினாலும் அடங்கவில்லை. வாய் எதையோ தேடிக்கொண்டே இருந்தது. மாத நிறை பார்த்த அன்று தராசில் வைத்தேன். முள் போன மாதம் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. பிள்ளையை எடுத்துத் திரும்ப வைத்துப் பார்த்தேன். அதே இடம்தான்.

அன்று பின்னேரம் பிள்ளையைக் கூட்டிப்போக வந்தது கோகிலாவின் மாமியார். பென்சன் எடுத்த தொழிலாளி. நல்ல மனுஷி, குரல் மட்டும் பெரிது.

"நீங்களே சொல்லுங்க டீச்சர். ராவெல்லாம் புள்ள மாரப் புடிச்சு இழுக்குது, ஒண்ணும் வரல. பால் பத்தல. ஒரு பெட்டிப் பால்மா வாங்குனா முடிஞ்சு போற விசயம். இவ புடிவாதம் புடிச்சுக்கிட்டுப் புள்ளயப் பட்டினி போடுறா."

பின்னாலேயே கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்த கோகிலா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மூத்தவனுக்கு என்ன ஆச்சுன்னு ஒங்களுக்குத் தெரியுந்தானே அத்த?"

"அதுக்காக? இதக் காயப் போடவா?"

கோகிலாவின் கணவன் கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறான். அன்றிரவே தாய் அவனுக்குச் சொல்லியிருக்கிறார். அடுத்த நாள் காம்பரா வாசலிலேயே கோகிலாவின் போன் அடித்தது. அவள் போனை முகத்துக்கு நேரே பிடித்துப் பேசினாள். அவன் போட்ட சத்தம் உள்ளே எனக்குக் கேட்டது. "என் புள்ளய வச்சு என்னடி சோதிச்சுப் பாக்குறே?" என்றான். அவள் போனை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "எனக்குப் பால் பத்தலையோ தெரியல டீச்சர்" என்றாள். அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தடவை.

பண்டாரவளைக்குக் கிளினிக் கூட்டிப்போனேன். அங்கே இருந்தது ஒரு இளம் பெண் டொக்டர். பிள்ளையைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். சிரிக்கிறாள், கையைக் காலை அடிக்கிறாள், இன்றைக்கே பயப்பட ஒன்றுமில்லை என்றார். ஆனால் ஒரு மாதமாக நிறை ஏறாமல் இருப்பதை விடவும் முடியாது என்றார். அடிக்கடி மாரில் போடுங்கள், ஏழு நாள் கழித்து அடுத்த கிழமை கொண்டுவாருங்கள், அப்போதும் ஏறவில்லை என்றால் மேலதிகமாகப் பால்மா கொடுத்தே ஆகவேண்டும். பகலில் எத்தனை தடவை கொடுக்கிறீர்கள் என்று கேட்டதற்குக் கோகிலா, "குடுக்குறேங்க" என்று மட்டும் சொன்னாள். பகலில் அவள் வருவது குறைந்ததை நானும் அங்கே சொல்லவில்லை.

திரும்பும் வழியில் பஸ் நிலையத்தில் இரண்டு பிளேன்டீ வாங்கினேன். அவள் தன்னுடையதைத் தொடவில்லை. "வேணாங்க டீச்சர், பஸ்ல போகணும்" என்றாள். அவ்வளவு தூரமும் இல்லை, முக்கால் மணி நேரப் பாதை. குமட்டுமோ என்று நினைத்து நானே இரண்டையும் குடித்தேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். என் முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒன்று, மாமியார் பக்கம் சேர்ந்து, "சரி கோகிலா, பால்மா கொடுப்போம்" என்பது. வீட்டில் சண்டை முடியும், காம்பராவில் அழுகை நிற்கும். மற்றது, கோகிலா பக்கம் நின்று, "மனசத் தளர விடாதே, முருங்கைக்கீரை சாப்பிடு, பூண்டு சாப்பிடு, வரும்" என்பது. நீங்களும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்வீர்கள். இரண்டுமே ஒரு கேள்வியைத் தாண்டிப் போகின்றன. பால் ஏன் குறைந்தது? லீவில் இருந்தபோது இதே தாய்க்குப் பால் இருந்தது, இதே பிள்ளை கொழுகொழுவென்று ஏறியது. நடுவில் மாறியது வேலைக்குப் போனது ஒன்றுதான்.

அதனால் மறுநாள் காம்பராவை என் உதவியாளர் பொறுப்பில் விட்டுவிட்டு, கோகிலாவோடு மலைக்கு ஏறினேன்.

அவர்கள் அப்போது பறித்துக்கொண்டிருந்தது தோட்டத்தின் மேல் எல்லையில் இருக்கும் மலை. காம்பராவிலிருந்து ஏறிப் போய்ச் சேரும்போது எனக்கு மூச்சு வாங்கியது. முன்பு அந்த மலைக்கு அந்தப் பக்கம் ஓடையும் மரக்கூட்டமும் இருந்தன. இப்போது மரங்களை வெட்டி, கண்ணாடி ஜன்னல் வைத்த ஹோட்டல் ஒன்று கட்டியிருக்கிறார்கள். கீழ்ப்பக்கம் சுற்றுலாக்காரரை ஏற்றிய வான்கள் போகும் ரோடு. மேலிருந்து பார்த்தாலும் தெரியும், கீழிருந்து பார்த்தாலும் தெரியும். நடுவில் இடுப்பளவு தேயிலைதான்.

நானும் அவர்களோடு நிரையில் நின்றேன். வெயில் ஏறியது. காலைத் தேத்தண்ணி நேரம் வந்தது. பெண்கள் ரொட்டியை எடுத்துத் தின்றார்கள். போத்தலில் கொண்டுவந்த தேத்தண்ணியை மூடியில் ஊற்றித் தொண்டையை நனைத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான். கோகிலா அதையும் செய்யவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுக்கக் கீழே இறங்கவும் இல்லை.

"ஏன் எறங்கல?" என்றேன்.

"எறங்கி ஏறுறதுக்குள்ள ஒரு கூடக் கொழுந்து போயிருங்க. அப்புறம் அரைப் பேருதான் விழும்."

அரைப் பேர் என்றால் பாதி நாட்கூலி. அது எனக்குத் தெரிந்ததுதான்.

"சரி, தண்ணியாவது குடிக்கலாமே? காலையிலயிருந்து ஒரு வாய் கூடக் குடிக்கல நீ."

அவள் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். பதில் அடுத்த நிரையிலிருந்து வந்தது. செல்லம்மா என்று ஒருத்தி, கோகிலாவைவிடப் பத்து வயது மூத்தவள், யாருக்கும் அடங்காத வாய்.

"குடிச்சா எங்க போறது டீச்சர்? நீங்க ஒரு எடம் காட்டுங்க, நாங்க குடிக்கிறோம்."

அவள் சொல்லி முடிப்பதற்குள் கீழே ரோட்டில் ஒரு வான் நின்றது. வெள்ளைக்காரர்களும் கொழும்புப் பக்கத்து ஆட்களும் இறங்கி, போனைத் தூக்கி எங்களைப் படம் பிடித்தார்கள். ஒருவர் கையை ஆட்டினார். எங்கள் நிரையில் ஒருத்தி பழக்கத்தில் சிரித்துக் கையாட்டினாள்.

"பாத்தீங்களா?" என்றாள் செல்லம்மா. "முந்தி அந்தப் பக்கம் மரம் இருந்துச்சு. போய்ட்டு வந்துருவோம். இப்ப குந்துனா அதையும் புடிச்சுப் போன்ல போடுவானுங்க. அதுனால காலையில வீட்ல போறது, அப்புறம் கொழுந்தத் தராசுல நிறுத்துட்டு வீட்டுக்குப் போய்த்தான். நடுவுல தண்ணி குடிச்சா நமக்குத்தான் வில்லங்கம்."

சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அன்று காலை மலை ஏறுமுன் காம்பராவின் கக்கூஸுக்குப் போய்விட்டுத்தான் வந்திருந்தேன். அது என் ஞாபகத்துக்கு வந்தது.

கோகிலாவைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போய்க் கேட்டேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எரியுதுங்க டீச்சர். கொஞ்ச நாளாவே. அடிவயிறும் வலிக்குது. டொக்டர் அம்மாகிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. வீட்டுக்குப் போனாலும் தண்ணி எறங்க மாட்டேங்குது, குடிச்சா எரியுமோன்னு பயம்."

அவள் சொன்னது புரிந்தது. பல நாள் விடிந்ததிலிருந்து பின்னேரம் வரை பிள்ளை மாரில் குடிக்கவில்லை. குடிக்காத மாரில் பால் தானாகக் குறையும். அதற்கு மேல் தாய் தண்ணீரும் குடிக்காமல், எரிச்சலையும் வலியையும் மறைத்துக்கொண்டு வெயிலில் நிற்கிறாள். இந்த நிலையில் முருங்கைக்கீரை என்ன செய்யும்? அன்றே அவளைக் கீழே இறக்கிக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். சிறுநீரைச் சோதித்து, கிருமி இருக்கிறது என்று சொல்லி, பால் கொடுக்கும் தாய் குடிக்கக்கூடிய மருந்தாகத் தந்தார்கள்.

அடுத்தது சின்னத் தொரை. எங்கள் பிரிவைப் பார்த்துக்கொண்ட இளம் உதவி முகாமையாளர், சிங்களப் பையன், தமிழ் நன்றாகப் பேசுவார். பக்கத்தில் கங்காணி நின்றார்.

"பால் குடுக்கிற தாய்க்கு நடுவுல எறங்கிப் போக நேரம் குடுக்கணும்னு சட்டம் இருக்குங்க ஐயா" என்றேன்.

"யாரு இல்லன்னா?" என்றார் கங்காணி. "அவங்கதான் எறங்கல."

அவர் சொன்னதும் பொய்யில்லை. சட்டம் நேரத்தைக் கொடுத்தது. மலை அதைப் பிடுங்கிக்கொண்டது. அதனால் சட்டம் பேசுவதை விட்டுவிட்டு ஒரு வேலை கேட்டேன். கைப்பிள்ளை வைத்திருக்கும் தாய்மாரை, பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகும் வரை, காம்பராவுக்குக் கீழே இருக்கும் மலைக்கு மாற்றுங்கள். அங்கிருந்து கூப்பிட்டால் கேட்கும், கக்கூஸும் பக்கம். எங்கள் பிரிவில் அப்போது அப்படி மூன்று பேர்தான். சின்னத் தொரை யோசித்துவிட்டு, "சரி டீச்சர், நாளையில இருந்து" என்றார். இவ்வளவு லேசாக முடிந்ததே என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை பெரட்டுக் களத்தில், வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில், கங்காணி அந்த மூன்று பெயரையும் கீழ் மலைக்கு என்று வாசித்தார். செல்லம்மா கூடையைத் தரையில் போட்டாள்.

"அது என்னா ஞாயம்? கீழ் மலை சமமான மலை. கொழுந்து திரண்டு நிக்குது. நாங்க எல்லாம் புள்ள பெக்காமலா வந்தோம்? எங்களுக்கு யாரு மலைய மாத்துனா? டீச்சருக்கு வேண்டிய ஆளுன்னா நல்ல மலை, எங்களுக்கு வான்காரன் படம் புடிக்கிற மலையா?"

மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். தூறல் வேறு. கங்காணி சின்னத் தொரையைப் பார்த்தார், சின்னத் தொரை என்னைப் பார்த்தார். கோகிலா கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டாள்.

"வேணாங்க டீச்சர். நான் மேலயே போறேன். என்னால சண்ட வேணாம்."

அவள் மேலே ஏறிவிட்டால் கதை முடிந்தது. இனி யார் கூப்பிட்டாலும் இறங்க மாட்டாள். டொக்டர் சொன்ன கிழமையும் ஓடிவிடும். எனக்கு வாயில் வந்தது, "செல்லம்மா, கைப்பிள்ளையோட பசிக்கு நீ பொறாமப் படாதே" என்பதுதான். நல்ல வேளை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தக் களத்தில் எனக்கு ஒரு ஆள் மிஞ்சியிருக்காது. அவள் கேட்டதில் பொறாமை கொஞ்சம் இருந்தது, உண்மைதான். நியாயமும் இருந்தது. முதல் நாள் மலையில் அவள் என்னிடம் ஒரு இடம் காட்டச் சொன்னாள். நான் மூன்று பேருக்கு மட்டும் இடம் காட்டிவிட்டு, மற்றவர்களை அப்படியே விட்டிருந்தேன்.

"செல்லம்மா, நீ சொல்றது சரி" என்றேன். "மூணு பேருக்குக் கேட்டது பத்தாது. எல்லாருக்கும் சேத்துக் கேக்குறேன். நீயும் என்கூட நின்னு கேளு." சின்னத் தொரையிடம் திரும்பினேன். "ஐயா, மேல் மலையில பொம்பளைங்களுக்கு ஒரு கக்கூஸ் வேணும். அது இல்லாததால இவங்க யாரும் பகல்ல தண்ணி குடிக்கிறதில்ல. கோகிலாவுக்கு வந்த வருத்தம் இவங்கள்ல எத்தன பேருக்கு இருக்குன்னு எனக்குத் தெரியாது. கேட்டா வெக்கத்துல சொல்லவும் மாட்டாங்க."

இத்தனை ஆம்பிளைகளுக்கு முன்னால் நான் அதைச் சொல்லிவிட்டேன் என்று சிலர் தலையைக் குனிந்தார்கள். சின்னத் தொரைக்குக் காது சிவந்துவிட்டது.

"பெரிய தொரைகிட்டக் கேக்கணும் டீச்சர். காசு ஒதுக்கணும். கொஞ்ச நாள் எடுக்கும்."

"எங்களுக்குக் காசு வேணாங்க" என்றாள் செல்லம்மா. அவள் குரல் மாறியிருந்தது. "பேக்டரிக்குப் பின்னால பழைய தகரம் மக்கிக் கெடக்குது. அதக் குடுங்க. எங்க வீட்டு ஆம்பளைங்க ஞாயித்துக்கிழம கட்டிருவாங்க. நீங்க எடத்த மட்டும் காட்டுங்க."

இடத்தைக் காட்டியது கங்காணி. "மேல் மலை முடுக்குல ஒரு பாற இருக்கு. அதுக்குப் பின்னால கட்டுனா ரோட்டுக்கும் தெரியாது, ஹோட்டலுக்கும் தெரியாது" என்றார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். "என் மருமகளும் அங்கதானே பறிக்குது" என்றார், யாரோ காரணம் கேட்டதைப் போல.

அன்று கோகிலாவும் மற்ற இரண்டு பேரும் கீழ் மலைக்குப் போனார்கள். யாரும் தடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை குழி வெட்டி, தகரம் அடித்து, கதவுக்கு உரச்சாக்கைத் தொங்கவிட்டு, ஒரு தண்ணீர்ப் பீப்பாயும் வைத்தார்கள். அழகென்று சொல்ல முடியாது. அடுத்த பெருமழையில் ஒரு பக்கம் சரிந்தது, திரும்ப நிறுத்தினார்கள். தோட்டத்துக் கணக்கில் சீமெந்துக் கட்டடம் வந்தது ரொம்பக் காலம் கழித்துத்தான்.

கோகிலாவின் வீட்டிலும் ஒன்று நடந்தது. மாமியாரிடம் நான் மலையில் பார்த்ததை அப்படியே சொன்னேன். அவரும் அதே மலைகளில் ஆயுசு முழுக்கப் பறித்தவர்தானே. மறுநாளிலிருந்து காலையில் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றிப் பெரிய போத்தலில் ஊற்றி மருமகள் கையில் கொடுத்தார். "பின்னேரம் வெறும் போத்தலாத்தான் வரணும், ஆமா" என்று அதட்டல் வேறு.

இனி நடந்தது உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். ஆனால் இதுதான் நடந்தது. கிழமை முடிந்து கிளினிக் போனோம். தாரணியின் நிறை ஏறியிருந்தது, ஆனால் கொஞ்சம்தான். டொக்டர் தராசைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். "நல்லா வருது. ஆனா விட்டுப்போனதப் பிடிக்க இது காணாது. கொஞ்ச நாளைக்கு மேலதிகமாக் குடுப்போம்" என்றார்.

கோகிலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னொரு கிழம பாப்போம்னு சொல்லுங்க டீச்சர். நீங்க சொன்னா டொக்டர் அம்மா கேப்பாங்க."

கேட்டிருப்பாரோ என்னவோ. எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. இவ்வளவு தூரம் சண்டை போட்டு வந்த பிறகு, இன்னும் ஒரே ஒரு கிழமைதானே என்று தோன்றியது. ஆனால் அந்தக் கிழமை யாருக்கு? கோகிலாவின் மனதுக்கும் என் வீம்புக்கும். பிள்ளைக்கு அல்ல. தாய்க்குத் துணையாக நிற்கிறேன் என்று வாக்குக் கொடுத்தது பிள்ளைக்காகத்தான் என்பதை இந்த மாதிரி நேரத்தில் மறந்துவிடுவோம்.

"குடுப்போம் கோகிலா" என்றேன்.

அவள் கிளினிக் வாங்கில் உட்கார்ந்து அழுதாள். "நான் தோத்துட்டேன். அத்த சொன்னதுதான் சரி."

"இது என்னா பரீட்சையா, தோக்கிறதுக்கு? போத்தல் இல்ல, கப்புல குடுப்போம். தண்ணிய நல்லாக் கொதிக்க வச்சு நானே கரைக்கிறேன். முதல்ல மார்ல போடு, அது குடிச்சு முடிச்ச பிறகுதான் கப்பு. ஒன் பால் ஏற ஏற இதக் கொறைப்போம். மூத்தவனுக்கு வந்தது பால்மாவால மட்டும் இல்ல, கழுவாத போத்தலாலயும் பீலித் தண்ணியாலயும் வந்தது. அது ரெண்டும் இந்தப் புள்ளகிட்ட வராது."

அப்படியே செய்தோம். காம்பராவில் நான் கரைத்துக் கொடுத்தேன், வீட்டில் மாமியார் கொடுத்தார். கப்பில் கொடுக்க முதல் இரண்டு நாள் பாதியைச் சிந்தினார், பிறகு பழகிவிட்டது. கோகிலா காலையிலும் மத்தியானமும் கீழ் மலையிலிருந்து ஓடிவந்து பால் கொடுத்துவிட்டு ஓடுவாள். மருந்து முடிந்து எரிச்சல் நின்றது. தாரணி மாரில் போட்டால் நிம்மதியாகக் குடித்துவிட்டுத் தூங்கத் தொடங்கினாள். கப்பில் கொடுப்பதைக் குறைத்துக்கொண்டே வந்தோம். ஒரு கட்டத்தில் அவளே வாயைத் திருப்பிக்கொண்டாள், டொக்டரும் நிறுத்தலாம் என்றார்.

தீபாவளிக்கு வந்த கணவன் கொழும்பிலிருந்து விலை கூடிய பால்மா டின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதற்குத் தேவை இருக்கவில்லை. மாமியார் அதைத் தேத்தண்ணிக்குப் போட்டுக் குடித்து முடித்தார். நல்ல ருசி என்று என்னிடம் சொன்னார். தாரணி ஒரு வயது தாண்டியும் தாய்ப்பால் குடித்தாள்.

நீங்கள் போகும் தோட்டங்களில் இயற்கையாக வளர்க்க ஆசைப்படும் தாய்மார் நிறைய வருவார்கள். அது நல்ல ஆசை, தள்ளிவிடாதீர்கள். ஆனால் அந்த ஆசை முழுவதையும் தாயின் தலையில் மட்டும் கட்டிவிடாதீர்கள். அவள் மனம் வைத்தால் போதும் என்று சொல்லும்போது, வராவிட்டால் அவள் குற்றம் என்றும் சொல்லிவிடுகிறோம். பால் அவள் உடம்பில்தான் சுரக்கிறது. அந்த உடம்பு எங்கே நின்று வேலை செய்கிறது, என்ன குடிக்கிறது, எதை அடக்கிக்கொள்கிறது என்பதைக் கிளினிக்கில் இருந்துகொண்டு தெரிந்துகொள்ள முடியாது. ஒரு தடவையாவது கூட ஏறிப் போங்கள். பிள்ளைக்கு வேறு வழி தேவைப்படும்போது, தாய் அழுதாலும் அந்த வழிக்குப் போங்கள், அவளையும் கூட்டிக்கொண்டு.

தாரணி நடக்கத் தொடங்கியிருந்த சமயம், பண்டாரவளையில் ஒரு மண்டபத்தில் தாய்ப்பால் பற்றிக் கூட்டம் வைத்தார்கள். சுற்றுத் தோட்டங்களிலிருந்து தாய்மாரைப் பஸ்ஸில் கூட்டி வந்திருந்தார்கள். நான் கோகிலாவைக் கூட்டிப்போனேன். வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு உத்தியோகத்தர் அம்மா, வேலைக்குப் போய்க்கொண்டே ஒரு வயது வரை பால் கொடுத்த தாய் என்று அவளை மேடைக்குக் கூப்பிட்டு, மைக்கைக் கையில் கொடுத்தார்.

"சொல்லுங்கம்மா, பால் நல்லா ஊற நீங்க என்ன சாப்பிட்டீங்க? முருங்கைக் கீரையா? பூண்டா?"

கோகிலாவுக்கு மைக் பிடித்துப் பழக்கமில்லை. முதலில் சத்தமே வரவில்லை. பிறகு வந்தது.

"அதெல்லாம் அத்த ஆக்கிக் குடுத்துச்சுங்க, சாப்பிட்டேன். ஆனா பால் ஊறுனது கக்கூஸுக்குப் போக எடம் கெடச்ச பொறகுதாங்க."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. அந்த அம்மாவும் சிரித்துக்கொண்டே மைக்கை வாங்கக் கையை நீட்டினார். கோகிலா கொடுக்கவில்லை. அவள் சிரிக்கவும் இல்லை. கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"இங்க உக்காந்திருக்கிற ஆளுகள்ல எத்தன பேருக்கு மலையில கக்கூஸ் இருக்கு? கையத் தூக்குங்க பாப்போம்."

சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக நின்றது. பெண்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் பிரிவுப் பெண்கள் இரண்டு பேர் கையைத் தூக்கினார்கள். பின்வரிசையில் இன்னும் ஒருத்தி பாதி தூக்கிவிட்டு இறக்கிக்கொண்டாள். மற்ற எல்லாருடைய கைகளும் மடியிலேயே இருந்தன.

அந்தப் பெண்கள் வேலை செய்யும் தோட்டங்களுக்குத்தான் உங்களில் பலர் வரும் திங்கட்கிழமை போகிறீர்கள்.